எந்த அதிபர் காலத்தில் பங்குச் சந்தை நன்றாக ஓடியது? அதை வைத்து 401கே பணத்தை நகர்த்தலாமா?

மீனாட்சி_எடிசன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 2 அன்று அதிபர் டிரம்பின் இறக்குமதி வரி அறிவிப்பு வந்தது. 3, 4 தேதிகளில் எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) இரண்டே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 7ஆம் தேதி திங்கட்கிழமை காலை நியூ ஜெர்சி மெட்ரோபார்க் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபடியே போனில் என் 401கே கணக்கை (வேலை செய்யும் கம்பெனி வழியாகப் போடும் ஓய்வூதியச் சேமிப்பு) திறந்து, பங்கு ஃபண்டில் இருந்த மொத்தத்தையும் விலை பெரிதாக ஆடாத ஸ்டேபிள் வேல்யூ ஃபண்டுக்கு மாற்றிவிட்டேன். பதினொரு வருடச் சேமிப்பு. மாற்றி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ரயில் வரவே இல்லை அதற்குள்.

9ஆம் தேதி பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரியை 90 நாள் தள்ளிவைத்தார்கள். அன்று ஒரே நாளில் சந்தை 9.5 சதவீதம் ஏறியது. "இது தற்காலிக ஏற்றம்தான், மறுபடி விழும், அப்போது உள்ளே போகலாம்" என்று இருந்துவிட்டேன். விழவில்லை. ஜூன் கடைசியில் புது உச்சம். நான் விற்ற அன்று முடிவு விலை 5062. ஜூன் 27 அன்று 6173. கிட்டத்தட்ட 22 சதவீதத்தை விட்டிருக்கிறேன். இன்னும் வெளியேதான் நிற்கிறேன்.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி. என் கணவர், "வரியைக் குறைக்கிற குடியரசுக் கட்சிக்காரர் இருக்கும்போது வெளியே நிற்பது முட்டாள்தனம்" என்கிறார். என் அண்ணன், "ஜனநாயகக் கட்சி ஆண்டபோதுதான் சந்தை அதிகம் ஏறியிருக்கிறது, அட்டவணையைப் பார், 2029 ஜனவரி வரை ஜாக்கிரதையாக இரு" என்று ஒரு படத்தை அனுப்பினார். கிளின்டன், ஒபாமாவுக்கு நேரே பெரிய பச்சைக் கம்பம், புஷ்ஷுக்கு நேரே சிவப்பு. இந்த அட்டவணையை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கணக்கு

தங்கச்சி, அந்தப் படத்தில் உள்ள எண்கள் பொய்யாக இருக்காது. எந்த நாளில் இருந்து எண்ணினார்கள் என்பதைப் படம் சொல்லியிருக்காது, அதுதான் சங்கதி.

நான் 1996ல் டல்லாஸ் வந்தவன். ஐந்து அதிபர்களைப் பார்த்தாயிற்று. ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். 2001ல் அவர் பதவியேற்றபோது எஸ் அண்ட் பி 1342. 2009 ஜனவரி 20 அன்று, ஒபாமா பதவியேற்ற நாளின் முடிவில் 805. நாற்பது சதவீத நஷ்டம். ஆனால் அந்த ஜனவரி 20 அன்று மட்டும் சந்தை ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முந்தின வர்த்தக நாள் முடிவு 850. அந்த ஒரு நாள் இழப்பை யார் கணக்கில் எழுதுவது? காலையில் வெள்ளை மாளிகையில் இருந்தவர் ஒருவர், மாலையில் இருந்தவர் வேறொருவர்.

பதவியேற்பை விட்டுவிட்டுத் தேர்தல் நாளில் இருந்து எண்ணுங்கள். சந்தை எதிர்காலத்தைத்தான் விலை பேசும், ஜெயித்த அன்றே பேச ஆரம்பித்துவிடும் என்பதால் அதுவும் நியாயமான அளவுகோல்தான். 2000 நவம்பர் 7: 1431. 2008 நவம்பர் 4: 1005. புஷ்ஷின் நஷ்டம் இப்போது நாற்பது இல்லை, முப்பது. ஒபாமாவைப் பதவியேற்பில் இருந்து பதவி இறங்கும் நாள் வரை எண்ணினால் 805ல் இருந்து 2271, அதாவது 182 சதவீதம். தேர்தலில் இருந்து தேர்தல் வரை எண்ணினால் 1005ல் இருந்து 2139, அதாவது 113 சதவீதம். ஆளும் மாறவில்லை, சந்தையும் மாறவில்லை. எண்ணத் தொடங்கிய நாளை இரண்டரை மாதம் நகர்த்தினோம், எழுபது சதவீதம் காணாமல் போய்விட்டது.

அட்டவணை அனுப்பும் யாரிடமும் நான் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான்.

தெற்குத்தெரு

டிவிடெண்டும் (கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) அதில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா. இண்டெக்ஸ் எண்ணை மட்டும் பார்த்தால் பழைய காலத்து அதிபர்களுக்கு அநியாயம். அப்போதெல்லாம் லாபத்தில் பெரும் பகுதி டிவிடெண்டாகத்தான் கைக்கு வந்தது.

குமரன்_ஆஸ்டின்

ஒரேயடியாக அதிபருக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை என்ற பக்கம் போய்விடாதீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மீனாட்சி அக்கா சொன்ன ஏப்ரலையே பாருங்கள். விழுந்ததும் ஒருவர் கையெழுத்தால், ஏறியதும் அதே ஒருவர் கையெழுத்தால். அதற்கு ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) காரணமில்லை, எண்ணெய் காரணமில்லை, போர் காரணமில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

பழைய உதாரணமும் இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்கும் வழியை அடைத்தார், இறக்குமதிக்குப் பத்து சதவீதக் கூடுதல் வரி போட்டார், சம்பளத்தையும் விலைவாசியையும் 90 நாள் உறைய வைத்தார். மறுநாள் டவ் (டவ் ஜோன்ஸ் என்ற பழைய பங்குக் குறியீடு) 32 புள்ளிக்கு மேல் ஏறியது. அன்றைய தேதிக்கு ஒரு நாளில் அவ்வளவு புள்ளி ஏறியதே இல்லை. 1962ல் கென்னடி எஃகுக் கம்பெனிகளோடு மோதி விலை உயர்வைத் திரும்பப் பெற வைத்தார். அடுத்த மாதம் 28ஆம் தேதி டவ் ஒரே நாளில் 5.7 சதவீதம் சரிந்தது. வால் ஸ்ட்ரீட்டில் பலர் அந்த மோதலைத்தான் காரணம் காட்டினார்கள். 1955ல் ஐசனோவருக்கு மாரடைப்பு என்ற செய்தி சனிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை 6.5 சதவீதம் போனது. ஒரு மனிதரின் இதயத்துக்கே அவ்வளவு விலை என்றால் அவர் போடும் சட்டத்துக்கு இருக்காதா?

2017 டிசம்பரில் கம்பெனி வரியை 35ல் இருந்து 21 சதவீதமாகக் குறைத்தார்கள். அது நேராகப் பங்குதாரர் லாபத்தில் சேர்ந்த பணம். அதிபர் முக்கியம்தான்.

பழைய_கணக்கு

குமரன் தம்பி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதிபர் ஒரு வாரத்தை ஆட்டிவைக்க முடியும், ஒரு மாதத்தைக்கூட. எட்டு வருடத்தைத் தன் கைக்குள் வைத்திருக்க முடியுமா என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

நிக்சன் கதையை அந்தத் திங்கட்கிழமையோடு நிறுத்திவிட்டீர்களே. அப்புறம் என்ன ஆனது? 1972 தேர்தல் வரை ஃபெட் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நெருக்கி வட்டியைத் தாழ்வாக வைக்கச் சொன்னார். ஜெயித்தார். விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் அடைத்து வைத்த பணவீக்கம் வெளியே வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. மூன்று டாலருக்கு விற்ற பீப்பாய் சில மாதத்தில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. 1973 ஜனவரியில் இருந்து 1974 அக்டோபருக்குள் எஸ் அண்ட் பி 48 சதவீதம் போய்விட்டது. அவர் ராஜினாமா செய்தது ஆகஸ்ட் 9, அடிமட்டம் வந்தது அக்டோபர் 3. அந்த எட்டு வாரம் ஃபோர்டின் கணக்கில் விழுந்தது. அதன் பிறகு வந்த ஏற்றமும் ஃபோர்டின் கணக்கில்தான். பாவம், இரண்டுக்கும் அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை.

கார்ட்டரும் ரேகனும் இதைவிட நல்ல உதாரணம். பணவீக்கத்தை ஒடுக்க 1979ல் பால் வோல்க்கரை ஃபெட்டில் உட்கார வைத்தது கார்ட்டர். வோல்க்கர் வட்டியை இருபது சதவீதம் வரை கொண்டுபோனார். வீட்டுக் கடன் வாங்க ஆளில்லை, கார் விற்கவில்லை, அந்த வலியில் கார்ட்டர் தேர்தலில் தோற்றார். ரேகன் வந்த பிறகும் வலி தீரவில்லை. அவர் பதவியேற்ற அன்று 950 ஆக இருந்த டவ் 1982 ஆகஸ்ட் 12 அன்று 777. அந்த நாளில் ஒருவர் அட்டவணை போட்டிருந்தால் ரேகனும் சிவப்புக் கம்பம்தான். பணவீக்கம் அடங்கி வட்டி இறங்க ஆரம்பித்ததும் கிளம்பிய காளைச் சந்தை 1987 அக்டோபர் 19ன் 22.6 சதவீத அடியையும் தாங்கிக்கொண்டு போனது. ரேகன் விட்டுப்போகும்போது டவ் 2200ஐத் தாண்டியிருந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்.

ஃபெட் தலைவர்களின் பெயரை வரிசையாகப் பாருங்கள். கிரீன்ஸ்பான் நான்கு அதிபர்கள் காலத்தில் இருந்தார். பெர்னான்கியை வைத்தது புஷ், மீண்டும் நியமித்தது ஒபாமா. பவலை அமர்த்தியது டிரம்ப், மீண்டும் நியமித்தது பைடன். அட்டவணை போடுகிறவர்கள் இந்தப் பெயர்களுக்கு ஒரு கட்டமாவது ஒதுக்கியிருக்கலாம்.

கோவை_செல்வி

நான் இந்தியாவில் இருந்து நாஸ்டாக் (தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த சந்தை), எஸ் அண்ட் பி ஃபண்டுகளில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போடுகிறவள். 2022 பிப்ரவரியில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான ஏழு பில்லியன் டாலர் வெளிநாட்டு முதலீட்டு வரம்பு முட்டி, புதுப் பணம் வாங்குவதை நிறுத்தியபோது மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி. அதனால் நான் எப்போதும் ரூபாயில்தான் கணக்குப் பார்ப்பேன். பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

டிரம்பின் முதல் நான்கு வருடம், எஸ் அண்ட் பி 2271ல் இருந்து 3798. டாலரில் 67 சதவீதம். பைடன், 3798ல் இருந்து 5996. டாலரில் 58 சதவீதம். டிரம்ப் முன்னால்.

டாலர் 2017 ஜனவரியில் 68 ரூபாய் சொச்சம், 2021 ஜனவரியில் 73, 2025 ஜனவரியில் 86.50ஐ ஒட்டி. ரூபாயில் பார்த்தால் டிரம்ப் காலம் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, பைடன் காலம் 87 சதவீதத்துக்குப் பக்கம். பைடன் முன்னால்.

அமெரிக்கப் பணவீக்கத்தைக் கழித்துப் பாருங்கள். டிரம்பின் நான்கு வருடத்தில் அங்கே விலைவாசி 8 சதவீதம் ஏறியது, பைடனின் நான்கு வருடத்தில் 21. கழித்தால் 55க்கு 30. டிரம்ப் வெகு தூரம் முன்னால்.

எடிசனில் கடைக்குப் போகிற மீனாட்சிக்கு ஒரு விடை, கோவையில் இருக்கிற எனக்கு வேறு விடை. "யார் காலத்தில் நன்றாக ஓடியது" என்ற கேள்வியே யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

மீனாட்சி_எடிசன்

செல்வி அக்கா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனிடம் அப்படியே அனுப்பிவிட்டேன். அவர், "சரி, தனித்தனி ஆளை விடு. கட்சியாகச் சேர்த்துப் பார்த்தால் நூறு வருடமாக ஜனநாயகக் கட்சிதான் மேலே. அது தற்செயலா?" என்கிறார். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

அறிவழகன்

உங்கள் அண்ணன் சொல்வது நிஜம். நான் பொருளாதாரம் படித்தவன், இதில் எனக்கு நீண்ட நாள் ஈடுபாடு உண்டு.

2003ல் பெட்ரோ சாண்டா கிளாரா, ரோசன் வால்கனோவ் என்ற இருவர் 1927 முதல் 1998 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அரசு கடன் பத்திர வட்டிக்கு மேல் பங்குகள் தந்த கூடுதல் வருமானம் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் காலத்தில் ஆண்டுக்கு 11 சதவீதம், குடியரசுக் கட்சி காலத்தில் 2 சதவீதம். மிகப் பெரிய இடைவெளி. அவர்களால் அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை, புதிர் என்றே விட்டுவிட்டார்கள்.

2016ல் ஆலன் பிளைண்டரும் மார்க் வாட்சனும் பங்கை விட்டுவிட்டு மொத்தப் பொருளாதார வளர்ச்சியைத் தோண்டினார்கள். பிளைண்டர் கிளின்டன் அரசில் வேலை பார்த்தவர், ஃபெட்டின் துணைத் தலைவராக இருந்தவர். தன் பக்கத்துக்குச் சாதகமாக முடிவு வந்தால் சந்தோஷப்பட்டிருக்கக்கூடியவர். ட்ரூமன் காலத்தில் இருந்து பார்த்தால் ஜனநாயகக் கட்சி ஆண்டபோது 4.33 சதவீத வளர்ச்சி, மற்றவர் ஆண்டபோது 2.54. ஆனால் காரணம் என்று அவர்கள் கண்டது வரிக் கொள்கையோ செலவுக் கொள்கையோ அல்ல. எண்ணெய் விலை அதிர்ச்சிகள், உற்பத்தித் திறன் வளர்ச்சி, வெளிநாட்டுச் சூழல். பெரும்பாலும் அதிர்ஷ்டம் என்று நேர்மையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

என்னை நம்ப வைத்தது அதற்குப் பிறகு லுபோஸ் பாஸ்டரும் பியெட்ரோ வெரோனேசியும் சொன்ன விளக்கம். மக்கள் பயந்து போயிருக்கும்போது பாதுகாப்பு வலை தருகிற கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது ஜனநாயகக் கட்சி. பயம் இருக்கும்போது பங்கு மலிவு. மலிவில் தொடங்கினால் பிறகு வருமானம் அதிகம். நிம்மதியாக இருக்கும்போது வரிக் குறைப்புக் கட்சிக்கு ஓட்டு, அப்போது பங்கு விலை உச்சத்தில். ரூஸ்வெல்ட் 1932ல் ஜெயித்தபோது டவ் தன் 1929 உச்சமான 381ல் இருந்து 41 வரை விழுந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. ஒபாமா ஜெயித்தது லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து ஏழு வாரத்தில். பைடன் கொரோனாவின் நடுவில். ஆக, அதிபர் சந்தையை உண்டாக்குவதைவிட, சந்தையின் நிலைமை அதிபரை உண்டாக்குகிறது என்பது உண்மைக்குப் பக்கம்.

ஹூவருக்கு இது மறுபக்கம். 1929 மார்ச்சில் பதவியேற்றார், ஆறு மாதத்தில் உச்சம், அதன் பிறகு பள்ளம். டபிள்யூ புஷ் வந்தபோது நாஸ்டாக் ஏற்கனவே தன் 2000 மார்ச் உச்சத்தில் இருந்து நாற்பது சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தது. ஊதிய பலூன் ஒருவர் காலத்தில், வெடித்த சத்தம் அடுத்தவர் காலத்தில்.

குமரன்_ஆஸ்டின்

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நூறு வருடம் என்றாலும் 1929, 2008 என்ற இரண்டு சரிவையும் எடுத்துவிட்டால் இடைவெளி பாதியாவது சுருங்கும் என்று தோன்றுகிறது.

கட்சியை வைத்து முதலீடு செய்து நானே அடிபட்டதையும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் பைடன் ஜெயித்ததும், "எண்ணெய் முடிந்தது, சூரிய மின்சாரம்தான் இனி" என்று எக்ஸான், செவ்ரான் இரண்டையும் விற்றுச் சோலார் ஈடிஎஃப் (பங்குபோல் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்கினேன். எஸ் அண்ட் பியின் பதினொரு துறைகளில் 2021லும் சரி, 2022லும் சரி, முதலிடம் எரிசக்திக்கு. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி பைடன் காலத்தில் அதுவரை இல்லாத உச்சம் தொட்டது. சோலார், டிரம்ப் அதிபராக இருந்த 2020ல் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, பைடனின் நான்கு வருடத்தில் பாதிக்கு மேல் கரைந்தது. வட்டி ஏறினால் கடன் வாங்கிக் கட்டும் தொழில் எல்லாம் அடிபடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தேர்தல் வாக்குறுதியை மட்டும் படித்தேன். அதிபர் முக்கியம் என்று இன்னும் சொல்வேன். ஆனால் எந்தப் பக்கம் முக்கியம் என்பதை முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தெற்குத்தெரு

மூன்றாம் வருடக் கதையை யாரும் எடுக்கவில்லையே? பதவிக்காலத்தின் மூன்றாம் வருடம்தான் சிறந்தது, இரண்டாம் வருடம் மோசம் என்பார்கள். 2019, 2023 இரண்டும் மூன்றாம் வருடம், இரண்டிலும் இருபது சதவீதத்துக்கு மேல். 2018, 2022 இரண்டாம் வருடம், இரண்டிலும் இறக்கம். அடுத்து வரும் 2026 இரண்டாம் வருடம். அக்கா அதுவரை பொறுக்கலாமே?

பழைய_கணக்கு

2014ம் இரண்டாம் வருடம்தான், ஏறியது. 1987 மூன்றாம் வருடம், வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் இரண்டு சதவீத லாபம். ஆனால் அந்த அக்டோபரில் விற்றவனிடம் போய் "இது நல்ல வருடம்" என்று சொல்ல முடியுமா? தங்கச்சியை இன்னொரு முறை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், இதை இங்கே எழுதியதில்லை. 2009 மார்ச்சில் எனக்கும் என் பக்கத்து மேசை நண்பருக்கும் ஒரே சமயத்தில் ஓய்வூதியக் கணக்கு விவரம் தபாலில் வந்தது. அப்போதெல்லாம் காகிதம்தான். சாப்பாட்டு இடைவேளையில் காரில் உட்கார்ந்து உறையைப் பிரித்தோம். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். அவருக்கு ஒபாமாவைப் பிடிக்காது. "இந்த ஆள் தொழிலை அழித்துவிடுவான், எட்டு வருடம் தாங்காது" என்று அன்றே எல்லாவற்றையும் விற்றார். அந்த வாரம்தான் ஒபாமா, நீண்ட கால நோக்கில் இப்போது பங்கு வாங்குவது நல்ல பேரம் என்று பேசியிருந்தார். அதுவே அவருக்கு இன்னும் கோபம். மார்ச் 9 அன்று எஸ் அண்ட் பி 676ல் அடிமட்டம் தொட்டது. அதன் பிறகு அவர் உள்ளே வர ஒவ்வொரு தேர்தலுக்காகவும் காத்திருந்தார். 2010 இடைக்கால நாடாளுமன்றத் தேர்தல், அப்புறம் 2012. கடைசியில் 2016 நவம்பரில் தன் கட்சி ஜெயித்ததும் 2100க்கு மேல் வாங்கினார். நான் விற்காமல் இருந்தது புத்தியால் இல்லை. மகளின் கல்லூரி விண்ணப்ப வேலையில் அந்த மாதம் உட்கார்ந்து படிவம் நிரப்ப நேரமில்லை, அவ்வளவுதான். நல்ல மனிதர், கடின உழைப்பாளி. என்னைவிட நான்கு வருடம் கூடுதலாக வேலை பார்த்தார்.

மீனாட்சி, உங்களுக்கு ஓய்வுக்கு எத்தனை வருடம் இருக்கிறது?

மீனாட்சி_எடிசன்

பத்தொன்பது வருடம் அண்ணா. உங்கள் நண்பரின் கதையைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. நான் செய்ததும் அதேதான், கோபத்துக்குப் பதில் பயம்.

பழைய_கணக்கு

பத்தொன்பது வருடம் என்றால் இன்னும் நான்கைந்து பதவிக்காலத்தைப் பார்ப்பீர்கள். அதில் யார் யார் என்று எனக்கும் தெரியாது, உங்கள் வீட்டு இரண்டு கட்சிக்கும் தெரியாது. மொத்தமாகப் போட மனம் வராவிட்டால் பிரித்துப் போடுங்கள். தேதியை இப்போதே காகிதத்தில் எழுதிக் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். செய்தி பார்த்து அந்தத் தேதியை மாற்றக்கூடாது.

கோவை_செல்வி

சம்பளத்தில் பிடித்துப் போகிற புதுப் பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள் மீனாட்சி. இருப்பை மாற்றுவது வேறு, இனி வரும் பணத்தின் ஒதுக்கீடு வேறு. இரண்டுக்கும் தனித்தனி பக்கம் இருக்கும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மீனாட்சி_எடிசன்

அக்கா, சரியாகச் சொன்னீர்கள். திறந்து பார்த்தேன். ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு சம்பளமும் ஸ்டேபிள் வேல்யூவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மாற்றிவிட்டேன்.

இருப்பை ஆறாகப் பிரித்தோம். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். காகிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, கணவரும் கீழே கையெழுத்துப் போட்டார். முதல் ஆறில் ஒரு பங்கு நேற்று மாலை முடிவு விலைக்குப் போய்விட்டது. அண்ணனுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.